ஐம்பத்தேழு பாதைகள்

காத்தாடிவிளையில் பாதைகள் புரண்டு படுக்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. நாள் கிழமையெல்லாம் ஊருக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏன் புரண்டன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆடிக் காற்றில் மேடு பள்ளமாவதையும் பள்ளம் மேடாவதையும் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, நேற்றுக் கிழக்கே போன பாதை இன்று தெற்கே போனால் அது ஒரு பெரிய விசேஷமாகத் தெரியவில்லை. செம்மணல் தேரிக்குள், கை தவறிச் சிந்திய புளியங்கொட்டை மாதிரி இருபத்து மூன்று வீடுகள். வீட்டுக்கு வீடு ஒற்றையடிப் பாதைகள். பாதையை விட்டு இறங்கினால் கணுக்கால் புதைகிற மணல், அதில் எவ்வளவு நேரம் நடந்தாலும் கடைசியில் புறப்பட்ட வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியலில் ஆட்டுக்கார லிங்கதுரை பீடி வாங்கக் கடைக்குக் கிளம்பினார், வழக்கமான பாதையில்தான் நடந்தார், ஆனால் போய்ச் சேர்ந்தது சத்துணவு ஆயா பிச்சம்மாள் வீட்டுப் புறவாசலில், அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

"என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கம்?"

"பாதை இங்கதான் வருது, நான் என்ன செய்ய?"

"சரி, வந்தது வந்தியள். காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவுதான் ஊர் காட்டிய ஆச்சரியம். அடுத்த சில வாரங்களில் வேறு பாதைகளும் புரண்டன, ஒவ்வொன்றாக, ஒரு விடியலுக்கு ஒன்று என்று, அதற்குள் சூட்சுமமும் பிடிபட்டுவிட்டது. நாலு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலையும் சுற்றி நாலு பாதை, நடுவே எதிரெதிராக இருக்கிற இரண்டு வீடுகளை இணைத்து ஒரு குறுக்குப் பாதை. அந்தக் குறுக்குப் பாதையை ஒரு விடியலிலிருந்து மறு விடியல்வரை ஒருவரும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கவில்லை என்றால், அது எழுந்து, மற்ற இரண்டு வீடுகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். பாதி தூரம் நடந்தால் செல்லாது. ஆடு நடந்தால் செல்லாது; லிங்கதுரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ஊர் இதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. சாயங்காலம் விளக்கேற்றுகிறதுக்கு முன்னால் "பாதை மிதிச்சிட்டு வாரேன்" என்று வீட்டுக்கு ஒருவர் கிளம்புவது பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலையாயிற்று. பெண் கேட்டு வந்தவர்களிடம் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதற்கு முன்னால், அவருடைய அக்கா வீட்டுக்குப் பாதை இருக்கிறதா என்று கேட்டார்கள். "உன் பாதை புரண்டு போவ" என்பது புதிய வசவு. தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் சிமெண்டுப் பாதை போட்டுத் தருவதாகச் சொல்லி, ஜெயித்து, அதிசயத்திலும் அதிசயமாகப் போட்டும் கொடுத்தார். பதினோராம் நாள் அந்தச் சிமெண்டுப் பாதை திறப்புவிழாக் கல்வெட்டும் அதில் அவருடைய பெயருமாக அலுங்காமல் குலுங்காமல் போய், அவருக்கு ஓட்டுப் போடாத இரண்டு வீடுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது.

பாதைகளை எண்ணியவன் கேபிள் தங்கப்பழம். வீடு வீடாக டிவி வயர் இழுத்தவன், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு எது போகிறது என்பது அவன் தலைக்குள் இருந்தது. மூன்று வருடம் எண்ணிவிட்டு அவன் சொன்னான்: மொத்தம் ஐம்பத்தேழு. என்ன புரண்டாலும் ஐம்பத்தேழுதான், ஒன்று கூடியதும் இல்லை, ஒன்று குறைந்ததும் இல்லை. ஊரைச் சுற்றி வேலி மாதிரி ஓடுகிற ஒன்பது வெளிப் பாதைகள் மட்டும் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அசையாது. உள்ளே இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு மோசமாகப் போனாலும் மூன்று பாதை மிஞ்சும். மூலை வீட்டுக்குத்தான் ஆபத்து; அதற்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இரண்டே இரண்டு வெளிப் பாதைகளோடு நின்றுவிடக் கூடும்.

வடமேற்கு மூலை வீடு வெயிலுகந்தாளுடையது.

வெயிலுகந்தாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. தையல்காரி. புருஷன் இறந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஆனால் அவளைத் தனிக்கட்டை என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் செந்தூர்க்கனி இருந்தாள். நடு ஊரில் இருந்த தன் வீட்டில் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுச் செந்தூர்க்கனி ஈரக் கையோடு கிளம்பி வருவாள், மெஷினுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவாள், வெயிலுகந்தாள் தைத்துத் தள்ளுகிற ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள், வாய் ஓயாது. இருபது வருடம் அப்படி நடந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது. செந்தூர்க்கனி மிதித்து மிதித்தே அந்தப் பாதை, ஊரில் எது புரண்டாலும் புரளாமல் கிடந்தது.

கெட்டது ஒரு ரவிக்கையால். செந்தூர்க்கனியின் சின்ன மகள் கல்யாணத்தில், முகூர்த்த ரவிக்கைக்குக் கைக்குழி பிடிக்கிறது என்று பெண் முகம் சுளித்தபோது, செந்தூர்க்கனி பத்துப் பெண்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே, "வெயிலுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் வெயிலுகந்தாள் தூசியாகத் தட்டிவிட்டிருப்பாள். மறுநாள் செந்தூர்க்கனி வரவில்லை. தான் சொன்னது தப்பு என்று தெரிந்ததால் வர வெட்கமாக இருந்தது அவளுக்கு; வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருந்தது இவளுக்கு. அவள் வரட்டும், அவள் வரட்டும் என்று இரண்டு வீட்டிலும் கதவு திறந்தே கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வெயிலுகந்தாளுக்கு மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டாள், பாதி வழியில் நின்ற மொட்டைப் பனைவரை போயும்விட்டாள். அங்கிருந்து செந்தூர்க்கனி வீட்டு விளக்கு தெரிந்தது. தப்புச் செய்தது அவள், தேடிப் போகிறது நானா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. திரும்பிவிட்டாள்.

விடிந்து பார்த்தபோது பாதை இல்லை. அவள் முற்றத்துக்கு எதிரே, குறுக்கே, வேறு யாருக்கோ சொந்தமாக அது படுத்திருந்தது: ஒரு முனை பூலுடையார் வீட்டில், மறு முனை பேச்சித்தாய் வீட்டில்.

இந்த இரண்டு பேரும் வெயிலுகந்தாளுக்கு இடமும் வலமுமாக இருந்த அண்டை வீட்டுக்காரர்கள். பூலுடையார் லாரி ஓட்டியவர், அறுபது தாண்டியவர், சர்க்கரை வியாதி கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. மகன் காலையில் வேலைக்குப் போகிற வழியில் சோற்றுப் பொட்டலத்தை வாசலில் வைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போவான். பேச்சித்தாயின் புருஷன் பம்பாய்க்குப் போய்ப் பதினாலு வருடம், இன்னும் பம்பாயில்தான் இருக்கிறான். அதுவரை ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துக்கூட இராதவர்கள். பாதை வந்த அன்று மதியமே பேச்சித்தாய் ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுபோனாள். அப்புறம் தினமும் மதியம் போனாள். ஊர் கொஞ்ச நாள் அதை வாயில் போட்டு மென்றது, பிறகு அதற்கே அலுத்துவிட்டது.

சுற்றிப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பேச்சித்தாய் முற்றத்தில் கால் வைத்து அந்தப் பக்கம் இறங்கினால் செந்தூர்க்கனி வீடு. ஆனால் காத்தாடிவிளையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பஸ்ஸுக்கோ கிணற்றுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவருக்கு எந்த முற்றமும் திறந்ததுதான். ஒரு வீட்டுக்கென்று போகிறவர் இன்னொரு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. போன வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வந்த வழியே சொல்லிக்கொண்டு திரும்ப வேண்டும். சொல்லாமல் கடந்து போவது சாவு வீட்டில்தான். அடுத்தவர் முற்றத்தை வழியாக்கினால் அதைச் சாவு வீடாக்கினதாகும். தன் முற்றத்தில் ஒரு பாடை எழுந்ததைப் பார்த்தவள் வெயிலுகந்தாள், அதை அவள் யாருக்கும் செய்ய மாட்டாள்.

அவளிடம் மிஞ்சியது அசையாத இரண்டு வெளிப் பாதைகள். ஒன்று பூலுடையாரிடம் போனது, ஒன்று பேச்சித்தாயிடம். ஆனால் போய்விடும் என்ற பயம் இல்லாத பாதையை யார் மிதிப்பார்கள்? அவற்றில் நெருஞ்சி படர்ந்து கிடந்தது. தன் பாதையைத் தின்றவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க அவளுக்கு மனசும் இல்லை. துணி கொண்டுவந்தவர்கள் குறைந்தார்கள். அவள் டவுன் கடைக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஒரே அளவு, ஒரே நிறம், கைக்குழியைப் பற்றி யாரும் குறை சொல்லாத சட்டைகள். மெஷின் சத்தம் நிற்கிறபோது வீடு திடீரென்று பெரிதாகிவிடும், அந்தப் பெரிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. ஃபோன் இருந்தது. ஒரு தீபாவளிக்குச் செந்தூர்க்கனி கூப்பிட்டாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." அதற்குமேல் இரண்டு பேருக்கும் கையில் வேலை இல்லாமல் பேச வரவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் டவுன் பஸ்ஸில், நெரிசலில், சீருடைக் கட்டோடு நின்றுகொண்டிருந்த வெயிலுகந்தாளின் தோளில் ஒரு கை விழுந்தது.

"ஏட்டி, அன்னைக்கு நான் வந்தேன்" என்றாள் செந்தூர்க்கனி, மூச்சிரைக்க, இரண்டு வருடமாக அதைச் சொல்லத்தான் ஓடி வந்தவள்போல. "மதியம் வந்தேன், மொட்டைப் பனை மட்டுக்கும் வந்தேன். உன் மெஷின் சத்தம் கேட்டுது. இவ என்னய நெனைக்காம தச்சுக்கிட்டு இருக்கான்னு திரும்பிட்டேன்."

வெயிலுகந்தாள் கட்டோடு அவள் பக்கம் திரும்பினாள். "நான் பொழுது சாய வந்தேன், செந்தூரு. அதே பனை மட்டுக்கும்."

பாதி அவள் நடந்திருக்கிறாள், பாதி இவள் நடந்திருக்கிறாள். கூட்டினால் ஒரு முழுப் பாதை. ஆனால் பாதைக்குக் கூட்டத் தெரியாது. கண்டக்டர், இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்று கத்துகிறவரை இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடியில் ரவிக்கையும் ஊசியுமாக. அரை மணி நேரத்தில் ஏழு பேர் எந்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஊரைக் கூட்டிக் கேட்டுவிடுவது என்று முடிவானது.

அதே பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் ஊர் கூடியது. தங்கப்பழம் தரையில் குச்சியால் நாலு புள்ளி வைத்துக் காட்டினான். "இது மூலை வீடு, இது செந்தூர்க்கனி மதினி. நடுவுல குறுக்க கெடக்கது பேச்சியக்கா பாதை. அதுல ஒரே ஒரு நாள் யாரும் மிதிக்காம இருந்தா, மறுநாள் பழைய பாதை வந்துரும். ஆனா ஒண்ணு, இவியளுக்கு வந்தா அவியளுக்குப் போச்சு. அம்பத்தேழு அம்பத்தேழுதான்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வச்சிக்கிடலாமே" என்றார் லிங்கதுரை.

"பாதை புரளதுக்கே ஒரு நாள் மிதிக்காம இருக்கணும், அண்ணாச்சி. தெனம் புரண்டா தெனம் யாரும் மிதிக்கக் கூடாது. பாதை இருக்கும், நடக்கதான் முடியாது."

"அப்ப மாசத்துக்கு மாசம்."

எல்லாரும் பேச்சித்தாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது வேண்டாம். ஒரு மாசம் காத்துக் கெடந்து, ஒரு மாசம் போயி, மறுபடியும் காத்துக் கெடக்க என்னால ஆவாது. மொதல்ல அது அக்கா பாதைதான. ஒரு நாள்தான, நான் மிதிக்கல. குடுத்தா குடுத்ததுதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வெயிலுகந்தாளுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை என்று குறித்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து வெயிலுகந்தாள் மெஷினைத் தொடவில்லை. வீட்டைப் பெருக்கினாள், செந்தூர்க்கனி உட்காருகிற இடத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. "நாளைக்கு விடியக்காலமே வந்துருவேன்ட்டி" என்றாள் செந்தூர்க்கனி. "காப்பி போட்டு வை. ஊசியில இப்பவே நூல் கோத்து வச்சுட்டேன்." அவள் குரலில் இருந்த பதற்றம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இருக்காது. வெயிலுகந்தாளுக்குச் சிரிப்பு வந்தது, அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

மதியம் அவள் முற்றத்துக்கு வந்து நின்றாள். மூலை வீட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை முழுசும் தெரியும், இரண்டு முனையும் தெரியும். வலது முனையில் பேச்சித்தாய் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கொடுத்த வாக்கை மீற வந்தவள் மாதிரி இல்லை; கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு ஆக்கிவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். இடது முனையில் பூலுடையார் கம்பை ஊன்றி வந்து, வெறுங்காலால் பாதையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதன்மேல் கால் வைக்காமல் நின்றார். நடுவில் ஒரு மணல் மேடு. அவருக்குக் கண் தெரியாது, இவளுக்கு அவர் தெரியவில்லை. வெயிலில் இரண்டு பேரும் நிற்பது தெரிந்த ஒரே ஆள் வெயிலுகந்தாள்.

அவள் உள்ளே போய்விட்டாள். மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தாள், நின்றார்கள். நாலு மணிக்குப் பூலுடையார் உள்ளே போய்விட்டு மறுபடி வந்து காலால் தடவினார். பேச்சித்தாய் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டாள். நானும் செந்தூரும் இப்படித்தான் நின்றோம், ஆனால் வீம்புக்கு நின்றோம். இவர்கள் எனக்காக நிற்கிறார்கள் என்று வெயிலுகந்தாள் நினைத்தாள். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்கு அவள் வீடு பழைய வீடு. அவள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பார்த்தாள். பொழுது பனைமரத் தலைக்கு இறங்கியபோது எழுந்துவிட்டாள்.

நெருஞ்சி படர்ந்த வெளிப் பாதையில், செருப்புக்கூடப் போடாமல், காலில் தைத்த முள்ளை எடுக்க நிற்காமல் நடந்து, பேச்சித்தாய் முற்றத்தில் ஏறினாள். ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"வாளியக் குடு."

"அக்கா, நான் மிதிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்."

"நீ மிதிக்காத. உன் வாக்கு உன்கிட்ட இருக்கட்டும். நான்தான் போறேன். நீ குடுத்தனுப்பிப் போறது உன் வீட்டக் கடந்ததா ஆவாது."

"உங்க பாதை போயிருமே, அக்கா."

வெயிலுகந்தாள் வாளியை வாங்கிக்கொண்டாள். பதில் சொல்ல வாய் திறந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று பயந்தாள். நடந்தாள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மணல் மேட்டில் ஏறி இறங்கி, நடுவில் ஒரு தரம்கூட நிற்காமல், ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து. வலது பக்கம் தூரத்தில் செந்தூர்க்கனி வீட்டுக் கூரை தெரிந்துகொண்டே வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

காலடிச் சத்தத்துக்குப் பூலுடையார் முகம் நிமிர்ந்தது.

"வந்துட்டியா, ஏட்டி பேச்சி" என்றார் அவர். "இன்னைக்கு நீ வர மாட்டேன்னு ஊர்ல சொன்னாவ. இனிமே எப்பவும் வர மாட்டேன்னு சொன்னாவ. சோத்துக்கா காத்துக் கெடக்கேன்? சோறு அங்க பொட்டலத்துல ஆறிப் போய்க் கெடக்கு. நீ வாசல்ல வந்து நிக்கியே ஒரு நிமிசம், அதுக்குத்தான் எனக்குக் காலையில எந்திக்கவே தோணுது."

வெயிலுகந்தாள் பேசவில்லை. பேசினால் அந்தச் சொல் அவருக்குத் திரும்பிப் போய்விடும். யாருக்கோ சொன்னதுதான், ஆனால் தன் முகத்துக்கு நேராகச் சொன்னது; கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். இலையில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, அவர் கையை எடுத்து இலையில் வைத்தாள். அவர் சாப்பிடத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் இடுப்புச் சுருக்குப் பையில் ஃபோன் அடித்தது.

பேச்சித்தாயிடம் ஃபோன் கிடையாது. அது ஊருக்கே தெரியும். பூலுடையாரின் கை சோற்றில் அப்படியே நின்றது. யார் கூப்பிடுகிறார்கள் என்று வெயிலுகந்தாளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒருத்தி நூல் கோத்த ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள், காலைவரை பொறுக்க முடியாமல் இப்போதே பேச ஆசைப்படுகிறாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பூலுடையார் அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டார், மென்றார், விழுங்கினார். யாரென்று கேட்கவில்லை.

"எடு தாயி" என்றார். "யாரோ உன்னத் தேடுதாவல்லா."

வெயிலுகந்தாள் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.